தம்பிக்கு வண்டி பார்க்கப் போனது

பாரிஸ் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன பெண் அதிகாரி, உள்ளே சுருண்டு கிடந்த தடித்த மஞ்சள் பட்டைக் கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "இதை வைத்து எதைக் கட்டப்போகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"வண்டியை. சேற்றில் மாட்டினால் இழுப்பதற்கு."

"எந்த வண்டி?"

"இன்னும் வாங்கவில்லை. அதற்குத்தான் போகிறேன்."

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடி, "நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்" என்றாள். நானும் சிரித்தேன். அந்த அளவு சந்தோஷத்தோடு நான் ஊருக்குக் கிளம்பியது அதற்கு முன்பு இல்லை.

வண்டி எனக்கல்ல, தம்பி ஹாஜாவுக்கு. காரைக்காலில் இறால் குட்டைகளுக்குத் தீவனம் விற்கிறான். நான் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். என் மாமனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், அந்த வழியில் கிடைத்த குடியுரிமை. பாரிஸுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அங்கே என்னிடம் ஒரு சின்ன கார் உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கடை, கடையிலிருந்து வீடு. பள்ளமே இல்லாத ரோடு. வருஷம் முழுக்க அதில் ஓட்டிவிட்டு, கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தால் ஹாஜா என்னை அவனுடைய பழைய டீசல் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரோடே இல்லாத இடங்களுக்குப் போவான். வேதாரண்யத்து உப்பளத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் வெட்டவெளி. கொல்லிமலையில் ஜீப் மட்டும் ஏறும் மண் தடம். "ஒனக்கும் பைத்தியம், ஒன் தம்பிக்கும் பைத்தியம்" என்பார் என் கணவர். அவர் வரமாட்டார். எனக்கு அதுதான் விடுமுறை.

அந்த வண்டி சில மாதங்களுக்கு முன்பு வரிச்சிக்குடிக்குப் பக்கத்தில் வாய்க்காலில் விழுந்தது. கரை இடிந்துவிட்டது என்றான் ஹாஜா. அவனுக்குத் தோளில் அடி. வண்டிக்கு அடிச்சட்டமே வளைந்துபோய், செலவு பண்ணிப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீடியோ போன் பேச்சில் வேறு விஷயமே இல்லை. தினப்படி குட்டைக்கும் கடைக்கும், மகள் ஆயிஷாவின் டியூஷனுக்கும் போகவேண்டும். அதே வண்டி மலையும் ஏறவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எது?

"ஃபோர் வீல் இல்லாம நீ எதையும் வாங்கக் கூடாது" என்பேன் நான்.

"பாப்பம் லாத்தா. இப்ப வர்ற வண்டியில நாலு பக்கமும் கேமரா இருக்கு. பக்கத்துல ஆளு வந்தா கண்ணாடியில லைட்டு எரியுது" என்பான் அவன். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்.

"அதெல்லாம் சோம்பேறிகளுக்கு. காச அதுல போடாத" என்பேன்.

இதை நான் ஒரு தடவை சொல்லவில்லை. பல ஞாயிறுகள் சொன்னேன்.

சென்னை விமான நிலையத்துக்கு ஹாஜா வாடகைக் காரில், டிரைவரோடு வந்திருந்தான். எத்தனை மணி நேரமானாலும் தானே ஓட்டிவந்து என்னைக் கூட்டிப்போகிறவன். "தோளு இன்னும் சரியாவல லாத்தா" என்றான். நம்பினேன். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது. பேச்சு மட்டும் பழைய பேச்சு.

கடலூர் தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் டிக்கியைத் திறந்து பார்த்தால் ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இல்லை. பிரான்சில் இப்படி ஆனால் ஒரு நம்பருக்குப் போன் பண்ணிவிட்டு, வேலிக்கு அந்தப்புறம் போய்ப் பத்திரமாக நிற்கவேண்டும். அது சட்டம். இங்கே எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஒரு லாரியை நிறுத்தினார், ஜாக்கி வந்தது. லாரிக்காரர், இளநீர்க்காரர், டிரைவர் மூன்று பேரும் சேர்ந்து டயர் மாற்ற, ஹாஜா குனிந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். நிமிரும்போது வலப்பக்கம் நின்ற லாரிக்காரரின் மேல் முட்டிக்கொண்டு, "மன்னிச்சிக்குங்கண்ணே" என்றான். எனக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

தலத்தெருவில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பர்வீன் இடியாப்பமும் கறி ஆணமும் எடுத்து வைத்திருந்தாள். ஹாஜாவின் மனைவி. மெல்லிய குரல், ஆனால் வீட்டின் பிடி முழுக்க அவள் கையில்தான். "லாத்தா, நீங்க வந்ததுதான் நல்லதாப் போச்சு. இந்த மனுசன் வண்டி பாக்குறேன் பாக்குறேன்னு இத்தன மாசமா போட்டோவத்தான் பாத்துட்டு இருக்காங்க" என்றாள். ஆயிஷா பன்னிரண்டாம் வகுப்பு. ஆட்டோவில் டியூஷன் போய் வருவதில் அவளுக்குச் சலிப்பு. "மாமி, ஏறி உக்காந்தா கொஞ்சம் கெத்தா இருக்கணும். அவ்ளோதான்" என்றாள் என்னிடம் ரகசியமாக.

மறுநாள் காலையில் ஷோரூம். ஏசி குளிரில் மூன்று வண்டிகள் மினுமினுத்துக்கொண்டு நின்றன. விற்பனைக்கார இளைஞருக்கு நாங்கள் எதற்காக வண்டி வாங்குகிறோம் என்பதைவிட, மேலே திறக்கும் கூரையைக் காட்டுவதில்தான் ஆர்வம். "சன்ரூஃப் மேடம். பசங்க ரொம்ப விரும்புவாங்க." காரைக்கால் வெயிலில் தலைக்கு மேலே ஓட்டையைத் திறந்து வைத்து யார் போவார்கள் என்று கேட்டேன். "மூடியும் வச்சிக்கலாம் மேடம்" என்றார்.

நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி போதாது. குட்டைக் கரையில் டிராக்டர் போட்ட பள்ளத்தில் இறங்கினால் வயிறு தட்டிவிடும். முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பேருக்குத்தான் பெரிய வண்டி. அதைச் சொல்லலாம் என்று திரும்பினால் ஹாஜா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நடுவில் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ராத்திரியில இது தெரியுமா? சைக்கிள் வந்தாக் காட்டுமா? எவ்ளோ தூரத்துல சத்தம் குடுக்கும்?" ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டான்.

"ஓட்டிப் பாக்கலாம் சார்" என்று சாவியை நீட்டினார் அந்த இளைஞர்.

"நீங்க ஓட்டுங்க தம்பி. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

அவர் ஓட்ட, நாங்கள் கடைத்தெருப் பக்கம் போனோம். ஒரு சந்தில் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுப் பாதித் தெருவை மறித்திருந்தார்கள். அகலமான வண்டி, நுழையவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பொண்ணு வீட்டுக் காரா, மாப்ள வீட்டுக் காரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், "அப்ப ஏன்யா இவ்ளோ பெருசு?" என்றார். ஹாஜா விழுந்து விழுந்து சிரித்தான். கேமரா நான்கு பக்கமும் பந்தலைத்தான் காட்டியது.

வீட்டுக்குத் திரும்பியதும் சண்டை பிடித்தேன். "இத வச்சிக்கிட்டு எந்த மலைக்குப் போவ? வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வரலாம், அவ்ளோதான்."

"மலைக்கு வருஷத்துல ஒரு தடவ. மத்த நாளெல்லாம் இங்கதான லாத்தா?"

"அந்த ஒரு தடவைக்காகத்தான நான் வர்றேன்?"

பர்வீன் இறால் வாடா பொரித்து எடுத்து வந்தாள். அந்த ருசிக்குப் பாரிஸில் ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுக்கலாம். தின்றுகொண்டே சமாதானமானோம். வரிச்சிக்குடியில் ஒருவர் நல்ல ஃபோர் வீல் வண்டியை விற்கப்போவதாகக் கேள்வி, நாளைக்கு அதையும் பார்க்கலாம் என்றான். எனக்காகத்தான் சொன்னான் என்பது இப்போது தெரிகிறது.

விற்கிறவர் பெயர் தியாகராஜன். மின்துறையில் வேலை, சொந்தமாக நிலமும் உண்டு. குறுவை நட்டிருந்த வயல்களுக்கு நடுவே வீடு, வாசலில் அந்த வண்டி. கரும்பச்சை நிறம், குட்டை உடம்பு, உயரமான கால். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. லோ கியர் கம்பி தனியாக இருந்தது. அடியில் கொஞ்சம் துரு, கடல் காற்று இருக்கும் ஊரில் அதுகூட இல்லாவிட்டால்தான் சந்தேகப்படவேண்டும்.

"மவன் ஆசப்பட்டு வாங்குனான். இப்ப கனடாவுல இருக்கான். எனக்கு இதுல ஏறி எறங்கறதே ஒரு வேலையா இருக்கு பாய்" என்றார் தியாகராஜன். அவர் மனைவி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "அவன் வந்தா கேப்பான்" என்றார் மெதுவாக. "வரட்டும், பாப்பம்" என்றார் தியாகராஜன்.

"நீ ஓட்டு லாத்தா" என்று ஹாஜா சாவியை என்னிடம் கொடுத்தான். இங்கே ஓட்டுவதற்கான அனுமதியை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஓரிடத்தில் கரையை நனைத்துச் சேறாக்கியிருந்தது. "நிறுத்து. லோ கியர் போடு. ஆக்ஸிலேட்டர மிதிக்காத, அதுவாப் போவட்டும்" என்றான். வண்டி ஒரு எருமையைப்போல நிதானமாகச் சேற்றை மிதித்து ஏறியது. நான் சத்தம்போட்டுச் சிரித்தேன். நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் ஒருத்தி, "அக்கா, எங்களையும் ஏத்திக்கயேன்!" என்று கூவினாள்.

"இதுதான்டா வண்டி" என்றேன்.

"ஆமா" என்றான் ஹாஜா. "இதுதான் வண்டி."

தியாகராஜன் தங்கமான மனிதர். "ரெண்டு நாள் வச்சி ஓட்டிப் பாருங்க பாய். பிடிச்சா பேசிக்கலாம்" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஹாஜா வந்ததும் காரைக்கால்மேட்டுக்குப் போகலாம் என்றேன். மணலில் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டாமா? பழைய வண்டியில் கடலோரமாக அவன் வளைத்து வளைத்து ஓட்டுவான், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். போகும்வரைக்கும் நான்தான் ஓட்டினேன். மணல் தொடங்கிய இடத்தில் நிறுத்தி இறங்கிவிட்டேன்.

"இனிமே நீ."

"நீயே ஓட்டு லாத்தா. தோளு…"

"நேத்து முறுக்குத் தட்டத் தூக்குன தோளுதான? ஒரு ரவுண்டு. எனக்காக."

குனிந்து டயரில் காற்றைக் குறைத்தான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

அந்தப் பத்து நிமிடத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்ளமுடியாது. எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றும் எனக்குத் தெரியவில்லை. அவன் மணலில் வண்டியை விட்டான். என்ன ஒரு கை அது! ஒரு இடத்திலும் சக்கரம் புதையவில்லை. தோள் வலியாவது ஒன்றாவது. கரையேறிய படகுகள் இடப்பக்கம். ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் கடல். முகத்தில் உப்புக்காற்று. ஹாஜா சிரித்தான். நான், "இன்னும் வேகமா" என்றேன்.

வலப்பக்கம் மணலில் நீல வலை ஒன்றை விரித்துப்போட்டு, அதன் நடுவில் இரண்டு பேர் உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெகுதூரத்திலேயே பார்த்துவிட்டேன். அவனும் பார்த்திருப்பான் என்றுதான் இருந்தேன். வண்டி லேசாக வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. விளையாடுகிறான், கடைசியில் ஒடிப்பான் என்று நினைத்தேன். ஒடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் எழுந்து கையை ஆட்டினார். ஹாஜா நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தான்.

"ஹாஜா! ஆளு! ஆளு!"

பிரேக்கை மிதித்தான். மணல் எழும்பி ஒன்றும் தெரியவில்லை. அது அடங்கியபோது முன் சக்கரம் வலையின் மேல் நின்றது. உட்கார்ந்திருந்தவர் ஒரு கை தூரத்தில் மல்லாந்து விழுந்து கிடந்தார். அடி இல்லை, பயத்தில் விழுந்தது. மற்றவர் ஓடிவந்து பானெட்டில் ஓங்கித் தட்டினார்.

"யோவ், எறங்குய்யா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒரு ஆளு ஒக்காந்திருக்கறது தெரியல?"

ஹாஜா இறங்கினான். "தெரியலண்ணே" என்றான். "சத்தியமாத் தெரியல."

அவர் சொன்னது வசவு. இவன் சொன்னது பதில். அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. விழுந்தவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "ஹாஜா பாயா? நீங்களா?" என்றார். அவருடைய மைத்துனருக்கு இறால் குட்டை இருக்கிறதாம். "நீங்க நல்லா ஓட்டுற ஆளாச்சே பாய்" என்றார். கோபம் வருத்தமாக மாறிவிட்டது. நாங்கள் நால்வரும் சேர்ந்து சக்கரத்தை விட்டு வலையை எடுத்தோம். பல கண்ணிகள் அறுந்திருந்தன. ஹாஜா மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, அறுந்த இடங்களைத் தடவித் தடவிப் பார்த்தான். "விடுங்க பாய். இன்னும் கொஞ்சம் சேத்துப் பின்னிக்கிறோம்" என்றார் அவர்.

கொஞ்சம் தள்ளி, ஒரு படகின் நிழலில் போய் உட்கார்ந்தோம். நான்தான் முதலில் பேசினேன்.

"என்னடா ஆச்சு?"

"ரைட்டு பக்கம் தெரியல லாத்தா."

"தெரியலன்னா?"

"கண்ணுல பிரஷராம். ஓரத்துலேர்ந்து தின்னுக்கிட்டே வருதாம். நடுவுல நல்லாத் தெரியும். ஒன் மூஞ்சி தெரியிது, ஒன் கம்மல் தெரியிது." தன் வலக்கையைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி விரல்களை ஆட்டினான். "இது இல்ல. ரைட்டுல ரொம்பப் போயிட்டு. லெஃப்டுலயும் கொறஞ்சிக்கிட்டு வருது."

"எத்தன நாளா?"

"தெரிஞ்சி ஒரு வருசம். தெரியாம எவ்ளோ நாளோ."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"போனது போனதுதானாம். சொட்டு மருந்து உட்டா இருக்கறதக் காப்பாத்திக்கலாமாம். உடுறேன். பர்வீன்ட்ட கண்ணு காஞ்சி போவுதுன்னு சொல்லியிருக்கேன்."

"வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்களா?"

"ஓட்டக் கூடாதுன்னாங்க."

வாய்க்காலில் விழுந்ததையும் அப்போதுதான் சொன்னான். கரை இடியவில்லை. வலப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டி வந்திருக்கிறது. ஒரு பெண்ணும் பின்னால் ஒரு குழந்தையும். மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இடப்பக்கம் ஒடித்தான், வண்டி வாய்க்காலில் இறங்கியது. "அவங்க நிக்காமப் போயிட்டாங்க. அல்லாஹ் காப்பாத்துனான்" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பி, வேகமாகப் பேசினான். "லாத்தா, அந்த ஷோரூம் வண்டின்னா சமாளிச்சிடுவேன். கேமரா இருக்குல. பக்கத்துல எது வந்தாலும் லைட்டு எரியும், சத்தம் குடுக்கும். பகல்ல மட்டும் ஓட்டுறேன். குட்டைக்கும் கடைக்கும் மட்டுந்தான். பர்வீன்ட்ட சொல்லாத."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கு அந்த நொடியில் புரிந்தன. அவன் வண்டியில் ஒரு கண்ணைத் தேடியிருக்கிறான். நான் லோ கியரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"ஆயிஷாவ யாரு டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டது, வண்டி வாய்க்கால்ல விழுற வரைக்கும்?" என்று கேட்டேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பொழுது சாய்ந்து மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தோம். திரும்பும்போது நான் ஓட்டினேன். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன். வாசலில் இறங்கும்போது, "நானே சொல்றேன். நாளைக்கு" என்றான்.

மறுநாள் ஆயிஷா பள்ளிக்கூடம் போனபிறகு சொன்னான். பர்வீன் அடுப்படியில் கொடுவா மீன் ஆணம் தாளித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்று, என்னிடம் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். அவள் அடுப்பை அணைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அழவில்லை.

"டெய்லி அவள முன்னால ஒக்கார வச்சிக்கிட்டுத்தான போனீங்க?"

"ஒன்னும் ஆவல பர்வீன்…"

"ஆவலங்கறதுக்காகவா? கண்ணு போறது அல்லாஹ் குடுத்தது. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். எம் புள்ளைய அதுல ஏத்துனது யாரு குடுத்தது? வாசல்ல நின்னு கைய காட்டி அனுப்பி வச்சேனே, நானு!"

மெல்லிய குரல்காரி கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அன்று முழுக்க அவனோடு அவள் பேசவில்லை. மீன் ஆணத்தை யாரும் தொடவில்லை. எனக்கும் குற்றமாக இருந்தது. வண்டி பார்க்க வந்தவள், நான்கே நாளில் வீட்டை இப்படி ஆக்கிவிட்டேன். ஹாஜா கொல்லையில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனிடமும் போகவில்லை, அவளிடமும் போகவில்லை.

சாயங்காலம் பர்வீன் கொல்லைக்குப் போனாள். ஜன்னல் வழியாகக் கேட்டது.

"அந்த மருந்த எப்பெப்ப உடணும்?"

"காலையில ஒன்னு. ராத்திரிக்கு ஒன்னு."

"ஒழுங்கா உட்டீங்களா?"

"சில நாளு மறந்துட்டேன்."

"இனிமே நான் உடுறேன். தலய சாய்ங்க."

வரிச்சிக்குடி வண்டியைத் திருப்பிக் கொடுக்க ஹாஜாவும் வந்தான். வேண்டாம், நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாலும் கேட்கவில்லை. தியாகராஜன் சாவியை வாங்கிக்கொண்டு, "பிடிக்கலையா பாய்? ஏதாவது சத்தம் வருதா?" என்று கேட்டார்.

"நல்ல வண்டி சார். குத்தமே சொல்ல முடியாது. ஓட்டுற ஆளுதான் சரியில்ல" என்றான் ஹாஜா. பிறகு விஷயத்தைச் சொன்னான். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அவன் சொன்னது அதுதான் முதல் முறை.

தியாகராஜன் ஆறுதல் சொல்லவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போவலாம்" என்றார். டீ வரும்வரை இருவரும் வாய்க்காலில் இந்த வருஷம் தண்ணீர் எப்போது வந்தது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்புவதற்கு பஸ்தான். நிற்க இடமில்லாத கூட்டம். கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள மைதானமாட்டும் கெடக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார். ஹாஜா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலப்பக்கத்தில் யாராவது இடித்தால் திடுக்கிட்டுத் திரும்பினான். இதையெல்லாம் நான் முன்பே பார்த்திருக்கவேண்டும் என்று தோன்றிக்கொண்டேயிருந்தது. பாரிஸில் நான் பரிமாறும் பிள்ளைகளில் ஒருவன் தட்டைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்தாலும், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்புவோம். சொந்தத் தம்பியின் கண்ணை ஒவ்வொரு ஞாயிறும் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு நாங்கள் வண்டி பார்த்தது வேறு விதமாக இருந்தது. குட்டைகளுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவரோடு ஹாஜா போய்க்கொள்வான். வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டும், அதை பர்வீன் ஓட்டவேண்டும். ஸ்கூட்டி ஓட்டுகிறவள்தான், ஆனாலும் கார் என்றதும் முதலில் பயந்தாள். அப்புறம் ஓட்டுநர் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். போன முதல் நாள் வந்து, "லாத்தா, கிளட்ச்சுன்னு ஒன்னு எதுக்கு வச்சான்?" என்று கேட்டாள். ஆட்டோமேட்டிக்தான் என்று அன்றே முடிவாயிற்று. கல்யாணப் பந்தல் போட்ட சந்திலும் நுழையும் நீளம். கொஞ்சம் உயரம், அது ஆயிஷாவின் கெத்துக்கு. ஃபோர் வீலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஷோரூம் இளைஞர் கேமராவைக் காட்டத் தொடங்கியபோது ஹாஜா, "அத அவங்களுக்குக் காட்டுங்க தம்பி" என்று பர்வீனைக் கைகாட்டிவிட்டு வெளியே போய் நின்றான்.

மலைக்குப் போகலாமா என்று ஒரு நாள் அவனே கேட்டான். "ஜீப் வாடகைக்குக் கெடைக்கும். டிரைவரோட." எனக்காகத்தான் கேட்கிறான் என்று இந்த முறை எனக்குத் தெரிந்தது. "இன்னொரு வருசம் பாப்பம்டா, இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவனும் சரி என்றான். விடுமுறையில் மீதி நாட்களை அரசலாற்றுப் பாலத்தில் நடந்தும், கடற்கரையில் சுண்டல் தின்றும் கழித்தோம். நடக்கும்போது நான் அவனுக்கு வலப்பக்கம் நடக்கப் பழகிக்கொண்டேன்.

நான் கிளம்புவதற்குள் வண்டியும் வந்துவிட்டது, பர்வீன் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ரயில் நிலையத்துக்கு அவள்தான் கொண்டுவந்து விட்டாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சைக்கிள்காரருக்கெல்லாம் வழிவிட்டு, ஒரு ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினாள். ஹாஜா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயை அடக்கிக்கொண்டிருந்ததில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு லாத்தா" என்று என் கையைப் பிடித்து அழுத்தினான். அவர்கள் வெளியே போனதும் நானும் வாசல்வரை வந்து தூணோரம் நின்று பார்த்தேன்.

பர்வீன் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தாள். ஹாஜா முன்னால் நடந்து, வண்டியைச் சுற்றி, நேராக டிரைவர் பக்கம் போய்க் கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டான். அப்படியே நின்றான். பர்வீன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுக்கு இரண்டடி பின்னால் நின்றாள். அவசரப்படுத்தவில்லை. ஒரு ஆட்டோ அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

பிறகு அவன் கதவைத் திறந்து, அவள் ஏறுவதற்காகப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறி உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பு மாட்டாமல் பார்த்துச் சாத்தினான். பானெட்டின் மேல் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி இடப்பக்கம் வந்தான். அவன் ஏறி உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, பர்வீன் வண்டியைக் கிளப்பினாள்.